தாத்தாவின் கண்ணாடியில் ஏழு மார்க்!

"ராத்திரி ஒரு மணி வரைக்கும் படிக்கிறா டீச்சர். விடியக்காலையில நாலரைக்கு எழுப்பி விட்டுடறேன். ஆனா சயின்ஸ்ல மட்டும் மார்க் ஏறவே மாட்டேங்குது. மூளைக்கு டானிக் ஏதாவது இருக்குதா? டாக்டர்கிட்ட கேட்டு எழுதி வாங்கட்டுமா?"

எங்கள் ஆரணியில் தறி ஓடும் வீடு ஒன்றில், ராட்டையில் தார் சுற்றிக்கொண்டே ஒரு தாய் என்னிடம் கேட்டது இது. ரிடையரான அறிவியல் டீச்சர் என்று தெரிந்தால் போதும், ஜனவரி பிறந்ததிலிருந்து இப்படி யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். பத்தாவது படிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டை எங்கள் ஊரில் வெளியிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். டி.வி. சத்தம் நின்று போயிருக்கும். தறிச் சத்தம் மட்டும் நிற்காது. அதை நிறுத்தினால் அடுப்பு எரியாதே!

பெண்ணைக் கூப்பிட்டு, "கண்ணில் என்னென்ன குறை வரும், சொல்லும்மா" என்றேன். கிட்டப்பார்வை, தூரப்பார்வை, வெள்ளெழுத்து, குழிலென்ஸ், குவிலென்ஸ்... மூச்சு விடாமல் ஒப்பித்தாள். ஒரு எழுத்து பிசகவில்லை. ஏழு மார்க் கேள்விக்கு ஏழும் போடலாம்.

பக்கத்தில் அவள் தாத்தா, மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, பாவில் அறுந்துபோன இழையை முடிபோட்டுக்கொண்டிருந்தார். "சரி, தாத்தா போட்டிருக்கிறது எந்த லென்ஸ்?" என்று கேட்டேன்.

திருதிருவென்று விழித்தாள். அப்புறம் மெதுவாக, "அது கைடுல இல்லியே டீச்சர்..."

அவளை நான் குறை சொல்ல மாட்டேன். நாம் அப்படித்தானே பழக்கி வைத்திருக்கிறோம்? ஆனால் ஒன்று மட்டும் எனக்குத் தாங்கவில்லை. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் பெரும் பகுதி நம் உடம்பைப் பற்றியது. கண், இதயம், இரத்தம், நரம்பு, ஹார்மோன், கடைசியில் 'உடல்நலம் மற்றும் நோய்கள்' என்று தனியாக ஒரு பாடமே உண்டு. அந்தப் பாடத்தை மனப்பாடம் செய்வதற்காக, பிள்ளையின் உடம்பை மூன்று மாதம் பட்டினி போட்டு, தூக்கத்தைப் பிடுங்கி, வாட்டி எடுக்கிறோம். இதைவிட வேடிக்கை உண்டா?

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். அறிவியலுக்கு எழுத்துத் தேர்வு 75 மார்க், செய்முறை 25. பாஸ் ஆக எழுத்துத் தேர்வில் 20, செய்முறையில் 15 வேண்டும். கேள்வித்தாளில் ஒரு மார்க் 12, இரண்டு மார்க் 7, நாலு மார்க் 7, ஏழு மார்க் 3. இவ்வளவுதான் பூதம். முதல் மூன்று ரேங்க் அறிவிப்பதைக்கூட 2017-லேயே அரசு நிறுத்திவிட்டது. ஆனாலும் பயம் மட்டும் நிற்கவில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. எங்கள் ஊர்த் தறிக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, பெருமைதான். ஆனால், "என்னோட போகட்டும் இந்தக் குழித்தறி" என்று சொல்லாத தகப்பனை நான் பார்த்ததில்லை. பத்தாவதில் வருகிற மார்க்தான் பதினொன்றில் சயின்ஸ் குரூப்பா, பாலிடெக்னிக்கா, ஐ.டி.ஐ.யா, இல்லை மறுபடி தறிக்குழியா என்று தீர்மானிக்கிறது. அதனால் அந்தத் தாய் நாலரை மணிக்கு எழுப்புவதை நான் கொடுமை என்று சொல்ல மாட்டேன். அது பாசம். ஆனால் தப்பான பாசம்.

எப்படித் தப்பு? ஒரு மணிக்குப் படுத்து நாலரைக்கு எழுந்தால் தூக்கம் மூன்றரை மணி நேரம். 13 முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-ல் சொன்னது. எட்டு மணி என்றதும் வீட்டில் பெரியவர்களுக்குக் கோபம் வரும். "நாங்கல்லாம் சிம்னி விளக்குல..." என்று ஆரம்பித்து விடுவார்கள். கோபப்படாமல் கேளுங்கள். பகலில் படித்ததை மூளை பத்திரமாக எடுத்து வைப்பது நாம் தூங்கும்போதுதான். தூக்கத்தைக் குறைத்தால், ராத்திரி நெய்ததை விடியற்காலையில் பிரித்துப் போட்ட மாதிரி! போதாததற்கு, இந்த வயதில் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் ஹார்மோன் பெரியவர்களைவிடத் தாமதமாகத்தான் சுரக்க ஆரம்பிக்கும். அதனால்தான் ராத்திரி ஒன்பதுக்குக் கண் சொக்காத பிள்ளை காலையில் எழுந்திருக்கத் தகராறு பண்ணுகிறது. சோம்பேறித்தனம் இல்லை, வயசு!

என்னைக் கேட்டால் பத்து, பத்தரைக்கு விளக்கை அணைத்துவிடுங்கள். ஆறரைக்கு எழுந்தால் போதும். செல்போன் படுக்கைக்குப் பக்கத்தில் வேண்டாம். (அப்பாவின் செல்போனும்தான்.)

அடுத்து வயிறு. எங்கள் பெண்ணிடம், "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்றேன். "டீ" என்றாள். அரசின் காலை உணவுத் திட்டம் 2022-ல் தொடங்கியது, நல்ல திட்டம். ஆனால் அது ஐந்தாம் வகுப்பு வரைதான். மதியச் சத்துணவு பத்தாவது வரை உண்டு. இடையில் காலை ஆறு மணி டீக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவே அந்தப் பெண் இரண்டு ஸ்பெஷல் கிளாஸைத் தாண்டுகிறாள். தலைசுற்றல், எழுதியது மறந்துபோகிறது, எதற்கெடுத்தாலும் அழுகை. அம்மா கேட்ட டானிக்குக்கு முன்னால் ஒரு இரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னேன். ஹீமோகுளோபின் ஒன்பது சொச்சம். 12-க்குக் கீழே போனாலே இந்த வயதுப் பெண்ணுக்கு இரத்தசோகை என்று அர்த்தம். இவள் ஒருத்தி இல்லை. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இரத்தசோகை என்று சொல்கிறது.

பள்ளியில் வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். "வயித்தைப் பெரட்டுது" என்று தூக்கி எறியும் பிள்ளைகள் நிறைய. வெறும் வயிற்றில் போட்டால் பிரட்டத்தான் செய்யும். சாப்பிட்ட பிறகு போட வேண்டும். முன்னும் பின்னும் ஒரு மணி நேரத்துக்கு டீ, காபி கூடாது; உடம்பு இரும்பை எடுத்துக்கொள்ள விடாமல் அவை தடுக்கும். கூடவே நெல்லிக்காயோ கொய்யாவோ கடித்தால் நல்லது. ஒன்பதுக்கு இறங்கியிருந்தால் வாரம் ஒரு மாத்திரை போதாது, டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும். காலையில் இட்லிதான் வேண்டும் என்று இல்லை. நம் பக்கத்துக் கேழ்வரகுக் கூழ், ஒரு கை வேர்க்கடலை, இருந்தால் ஒரு முட்டை... இது போதும். மூளை டானிக் என்று பாட்டிலில் விற்பதை வாங்குகிற காசில் ஒரு மாதத்துக்கு முட்டை வாங்கலாம்.

இனி படிப்பு. இதில்தான் எனக்கும் பெற்றோருக்கும் சண்டை வரும்.

ஒப்பிப்பதற்கு நான் பரம விரோதி இல்லை. சூத்திரமும் பெயரும் மனப்பாடம் ஆகத்தான் வேண்டும். மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிகளில் 'இதை மட்டும் படி, பாஸ் ஆகலாம்' என்று கொடுக்கும் சின்னப் புத்தகத்தைக்கூட நான் திட்ட மாட்டேன். ஒரு சர்டிபிகேட் கையில் இல்லாமல் பதினைந்து வயதில் தறிக்குப் போவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கும் அதே வைத்தியம் பார்ப்பதுதான் வயிற்றெரிச்சல். பதிலைப் பத்துத் தடவை வாசிக்கிறது பிள்ளை. பார்த்துப் பார்த்து வாசித்ததால் எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு மயக்கம் வருகிறது.

அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்று இரண்டு உளவியல் அறிஞர்கள் 2006-ல் ஒரு சோதனை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களிடம் ஒரு பாடத்தைக் கொடுத்து, சிலரைத் திரும்ப வாசிக்கச் சொன்னார்கள். சிலரை, புத்தகத்தை மூடிவிட்டு நினைவில் இருப்பதை எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் கதை தலைகீழ். வாசித்தவர்களுக்கு 42 சதவீதம்தான் நினைவில் இருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 56! பரீட்சை ஐந்து நிமிடத்திலா வருகிறது? புத்தகத்தை மூடு, எழுது, திறந்து சரிபார். இதற்குச் செலவு ஒரு பென்சில்.

அதைவிட முக்கியம், வீட்டில் இருக்கும் அறிவியலைப் பிள்ளைக்குக் காட்டுவது. அன்றைக்கு நான் செய்தது இதுதான். தாத்தாவின் கண்ணாடியைக் கடன் வாங்கினேன். தறி வீடு கொஞ்சம் இருட்டு, தெருப் பக்கம் கதவு திறந்திருக்கிறது. கதவுக்கு எதிர்ச் சுவரில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, கண்ணாடியை அதன் முன் பிடித்து, மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்தச் சொன்னேன். சட்டென்று தாளில் எங்கள் தெரு வந்து விழுந்தது, தலைகீழாக! ஒரு சைக்கிள்காரர் தலைகீழாகப் போனார். அந்தப் பெண் 'ஐயோ' என்று கத்திவிட்டாள். டேப் வைத்து அளந்தோம், ஏறக்குறைய 50 சென்டிமீட்டர். அரை மீட்டர். ஒன்றை அரையால் வகுத்தால் இரண்டு. கண்ணாடிக் கடைச் சீட்டை எடுத்துப் பார்த்தால், பவர் +2! குவிலென்ஸ், குவியத்தொலைவு, லென்ஸின் திறன், வெள்ளெழுத்து எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்தது. செய்முறைத் தேர்வில் குவியத்தொலைவு காண்பதும் இதே வேலைதான்.

பட்டுக்காரர் வீட்டில் இதற்குப் பஞ்சமே இல்லை. கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைப்பது எதற்கு? பட்டு இழையைச் சுற்றி செரிசின் என்ற பசை இருக்கிறது. எடையில் 20 முதல் 25 சதவீதம் வரை அதுதான். காரக் கரைசல் அதைக் கரைத்து எடுத்த பிறகுதான் பளபளப்பும் மென்மையும் வருகிறது. அந்தத் தண்ணீரில் மஞ்சள் தடவிய தாளை நனைத்தால் சிவந்து போகும். அமிலம், காரம் பாடம் முடிந்தது. (கொதிக்கிற தண்ணீரில் வேண்டாம், ஆறிய பிறகு, பெரியவர் பக்கத்தில் இருக்க.) காலால் கட்டையை மிதித்ததும் பாவு மேலும் கீழும் பிரிகிறதே, அது எந்த இடத்தில் மிதித்தால் சுலபம் என்று தாத்தாவைக் கேட்டால் திருப்புத்திறன் தெரிந்துவிடும்.

தறி இல்லாத வீட்டிலும் பாட்டியின் சுகர் மாத்திரை இருக்கும். கணையம், இன்சுலின் பாடத்தைப் பாட்டியின் டெஸ்ட் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு படிக்கட்டும். அப்பாவின் பிரஷர் சீட்டில் 150/90 என்று இருந்தால், புத்தகத்தில் உள்ள 120/80-ஐப் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். மேலே உள்ள எண் இதயம் சுருங்கும்போது, கீழே உள்ளது விரியும்போது. பிள்ளைக்கு மார்க், அப்பாவுக்கு ஊறுகாய் கட்!

"இதுக்கெல்லாம் நேரம் ஏது டீச்சர்?" என்பார்கள். ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து ஏழு மணிக்கு வரும் பிள்ளையை மறுபடி தார் சுற்ற உட்கார வைத்தால் நேரம் இருக்காதுதான். கூலிக் கணக்கு எனக்குத் தெரியாமல் இல்லை. இந்த மூன்று மாதமாவது அந்த ஒரு மணி நேரத்தை விட்டுக் கொடுங்கள் என்றுதான் அந்த அம்மாவிடமும் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. ராட்டையைச் சுற்றிக்கொண்டே இருந்தார். ஆனால் மறு வாரம் போனபோது அந்த ராட்டையில் உட்கார்ந்திருந்தவர் அப்பா!

பரீட்சை அன்று பத்து மணிக்கு உட்கார்ந்தால் ஒன்றேகாலுக்குத்தான் வெளியே வருவார்கள். முதல் பத்து நிமிடம் கேள்வித்தாளைப் படிக்க. அதனால் எட்டரைக்குள் வயிறு நிறைய, எண்ணெய் இல்லாத சாப்பாடு கொடுத்து அனுப்புங்கள். வாசலில் நின்றுகொண்டு கடைசி நேரக் கேள்வி கேட்காதீர்கள்.

ரிசல்ட் வரும் நாளில் மார்க் குறைந்துவிட்டால் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். தறி ஒரு நாள் நிற்கட்டும். பேச ஆள் வேண்டுமென்றால் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணிலும், 14416 என்ற மனநல உதவி எண்ணிலும் காசில்லாமல் பேசலாம். ஃபெயில் ஆனாலும் அதே கோடையில் துணைத் தேர்வு எழுதி, அதே வருடம் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்துவிட முடியும். இதைப் பிள்ளையிடம் ரிசல்ட்டுக்கு முன்பே சொல்லி வையுங்கள்.