பெட் ஸ்பேஸ் வாடகை கம்மிதான்... ஆனா பேப்பர்ல யார் பேரு? வெளிநாட்டில் வீடு தேடுவோர் கவனிக்க வேண்டியவை

துபாயில் 2025 ஜூன் மாதம் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பெரிய அளவில் சோதனை நடவடிக்கை தொடங்கியது. ரிக்கா, முரக்கபாத், பர்ஷா, சத்வா, ரஃபா ஆகிய பகுதிகளில், அனுமதி இல்லாமல் தடுப்பு அடித்து ஒரே வீட்டைப் பல அறைகளாகப் பிரித்து வாடகைக்கு விட்டவர்கள் மீது மாநகராட்சி நடவடிக்கையில் இறங்கியது. தீ விபத்து ஏற்பட்டால் தப்பிக்க வழியில்லை, அளவுக்கு மீறி ஆட்கள் தங்குகிறார்கள் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம்.

தடுப்பை உடைத்தால் அந்தத் தடுப்புக்குள் தங்கியிருந்தவர் எங்கே போவார்? அவர் கொடுத்த அட்வான்ஸ் என்ன ஆகும்? அதற்கான பதில், வாடகை ஒப்பந்தத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

வடசென்னைக்கு இதில் என்ன?

துறைமுகம், மணலி ஆலைகள், எண்ணூர் தொழிற்சாலைகள் என்று வேலை பழகிய வெல்டர், பிட்டர்கள் கொருக்குப்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போவது புதிதல்ல. இப்போது மேல்படிப்புக்கு ஜெர்மனி போகும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். விசா, டிக்கெட், சம்பளம் எல்லாம் நாலு பேரிடம் விசாரித்துத்தான் கிளம்புகிறோம். தங்கும் இடம் மட்டும் பெரும்பாலும் "நம்ம பையன் ஒருத்தன் இருக்கான், பாத்துக்குவான்" என்பதோடு முடிந்துவிடுகிறது.

உள்ளூரில் இது ஓடிவிடும். டூ-லெட் போர்டைப் பார்த்து, ஹவுஸ் ஓனரிடம் பேசி, அட்வான்ஸ் கொடுத்துக் குடிபோகலாம். பேப்பர் இல்லாவிட்டாலும் தெருவில் நாலு பேர் சாட்சி.

தமிழ்நாட்டில் இதற்கும் சட்டம் வந்துவிட்டது. 2017-ல் நிறைவேறி 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை அட்வான்ஸ் 3 மாத வாடகையைத் தாண்டக்கூடாது. உதாரணத்துக்கு, 8,000 ரூபாய் வாடகைக்கு 24,000 ரூபாய். ஆனால் 10 மாத அட்வான்ஸ் கேட்கும் வழக்கம் சென்னையில் இன்னும் போகவில்லை. சட்டத்தைவிட வழக்கம் வலுவாக இருக்கும் ஊரில் பழகிய கை, அதே வழக்கத்தோடு வெளிநாட்டில் காசை நீட்டும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

துபாய்: எஜாரி ஏன் முக்கியம்?

'எஜாரி' என்றால் அரபியில் 'என் வாடகை' என்று பொருள். துபாயில் வாடகை ஒப்பந்தங்களைப் பதிவு செய்யும் அரசு முறை இது. குடும்பத்துக்கு விசா எடுக்க, வாடகைத் தகராறு மையத்தில் புகார் கொடுக்க என எதற்குப் போனாலும் முதலில் கேட்கப்படுவது எஜாரிதான்.

பெட் ஸ்பேஸில் தங்குபவர் பெயரில் பொதுவாக எஜாரி இருக்காது. ஒருவர் வீட்டை மொத்தமாக எடுத்து, கட்டில் கட்டிலாகப் பிரித்து உள்வாடகைக்கு விடுவார். வீட்டு உரிமையாளரின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடக்கூடாது என்கிறது துபாயின் 2007-ம் ஆண்டு வாடகைச் சட்டம். அப்படி விட்டது தெரிந்தால், எடுத்தவர், உள்ளே தங்கியவர் இருவரையுமே உரிமையாளர் வெளியேற்றலாம்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. அப்படி வெளியேற்றப்படும் உள்வாடகைதாரர், தனக்கு வீடு விட்டவரிடம் இழப்பீடு கேட்கலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. ஆனால் காசு கொடுத்ததை நிரூபிக்க வேண்டுமே? கையில் கொடுத்த திர்ஹாமுக்குச் சாட்சி கிடையாது. வங்கி வழியாக அனுப்பிய ரசீது, வாடகையும் அட்வான்ஸும் எவ்வளவு என்று பேசிய வாட்ஸ்அப் செய்தி இருந்தால் பேசுவதற்கு ஒரு பிடி கிடைக்கும்.

பகிர்ந்து தங்குவதே தப்பு என்றில்லை. 2022 செப்டம்பரில் துபாய் நிலத் துறை, ஒரே வீட்டில் உடன் தங்கும் எல்லோரின் விவரங்களையும் செயலியில் பதிவு செய்யச் சொன்னது. எனவே "என் பேரை உடன் தங்குபவரா பதிவு பண்ணுவீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். மழுப்பினால், அந்தக் கட்டிலின் வாடகை ஏன் அவ்வளவு மலிவு என்பதும் புரிந்துவிடும்.

சிங்கப்பூர்: 'ரெண்டு மாசத்துக்கு மட்டும்' கிடையாது

சிங்கப்பூரில் குறுகிய கால வாடகைக்கு இடமே இல்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகள், அதாவது அங்குள்ளவர்கள் சொல்லும் 'வீவக' வீடுகளில் குறைந்தது 6 மாதம், தனியார் வீடுகளில் குறைந்தது 3 மாதம் என்பது விதி. சுற்றுலாப் பயணியாகப் போனவர் வீவக வீட்டில் ஒரு அறையைக்கூட வாடகைக்கு எடுக்க முடியாது.

கட்டுமானம், கப்பல் பட்டறை வேலைகளுக்கு ஒர்க் பர்மிட்டில் போகும் நம்மவர்கள், வீவக வீட்டை முழுதாக வாடகைக்கு எடுக்க முடியாது. அவர்களுக்கு ஏற்ற தங்குமிடம் இருப்பதை உறுதி செய்ய வேண்டியது முதலாளியின் பொறுப்பு. "ரூம் நீயே பாத்துக்கோ" என்று ஏஜென்ட் சொன்னால், கிளம்பும் முன்பே கம்பெனியிடம் எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது.

வாடகைக்கு எடுக்கத் தகுதி உள்ளவர்கள் மறக்கக்கூடாத ஒன்று, முத்திரைத் தீர்வை. 4 ஆண்டு வரையிலான ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 சதவீதம், வாடகைதாரரே கட்ட வேண்டும். மாதம் 900 வெள்ளி வாடகையில் ஒரு வருஷம் என்றால் மொத்தம் 10,800 வெள்ளி, தீர்வை சுமார் 43 வெள்ளி. இதை மிச்சம் பிடிக்கப் போய் ஒப்பந்தத்துக்கு முத்திரை வாங்காமல் விட்டால், நீதிமன்றத்தில் அது ஆதாரமாக நிற்காது. முறையான ஒப்பந்தம் இருந்தால், 2 ஆண்டுக்கு மேற்படாத வீட்டு வாடகைத் தகராறுகளை சிறு கோரிக்கைகள் தீர்ப்பாயத்துக்கே எடுத்துப் போகலாம்.

இன்னொன்று, வீவக வாடகைப் பணத்தை ஏஜென்ட் தன் கையில் வாங்கவே கூடாது என்பது அங்கே விதி. "அட்வான்ஸை என் அக்கவுண்ட்டுக்குப் போடுங்க" என்று ஏஜென்ட் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

ஜெர்மனி: முகவரி இல்லாமல் எதுவும் நகராது

படிக்கப் போகும் பிள்ளைகள் முதலில் கற்றுக்கொள்ளும் ஜெர்மன் சொற்களில் ஒன்று 'அன்மெல்டுங்'. குடிபுகுந்த 2 வாரத்துக்குள் உள்ளூர் அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்வதுதான் அது. அதற்கு, 'இவர் இங்கே குடிவந்திருக்கிறார்' என்று வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட சான்று தேவை. தங்கும் அனுமதியைப் புதுப்பிப்பது தொடங்கி வங்கிக் கணக்கு வரை இந்தப் பதிவைச் சுற்றித்தான் ஓடும்.

"வாடகை கம்மி, ஆனா அன்மெல்டுங் கிடையாது" என்று வரும் விளம்பரங்களில் இருக்கும் பொறி இதுதான். இடம் கிடைக்கும், முகவரி கிடைக்காது.

அட்வான்ஸ் விஷயத்தில் ஜெர்மன் சட்டம் வாடகைதாரர் பக்கம் நிற்கிறது. மின்சாரம், ஹீட்டர் போன்ற செலவுகள் சேராத அடிப்படை வாடகையைப் போல 3 மடங்குதான் உச்சவரம்பு. அதையும் 3 தவணையாகக் கட்டலாம். 500 யூரோ அடிப்படை வாடகை என்றால் 1,500 யூரோவுக்கு மேல் கேட்க முடியாது. குடிபோகும்போது முதல் 500 யூரோ கொடுத்தால் போதும்.

பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. வீட்டு ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறது? அதன் நகலைக் காட்டுவார்களா?

2. உள்வாடகை என்றால், உரிமையாளரின் சம்மதம் எழுத்தில் இருக்கிறதா?

3. என் பெயர் அரசுப் பதிவில் ஏறுமா?

4. அட்வான்ஸ் எவ்வளவு, எப்போது திரும்பும், எதற்கெல்லாம் பிடிப்பார்கள்?

5. முன்கூட்டியே காலி செய்தால் எத்தனை மாத வாடகை போகும்?

வீட்டை நேரில் பார்க்காமல் முழுத் தொகையையும் அனுப்பக்கூடாது. "நான் வெளியூர்ல இருக்கேன், பணம் போட்டா சாவி கூரியர்ல வரும்" என்பது பல நாடுகளில் ஓடும் பழைய மோசடி. முதல் சில நாள்களுக்கு ஹாஸ்டலோ, உறவினர் வீடோ ஏற்பாடு செய்துகொண்டு, போன பிறகு வீடு தேடுவது செலவு போலத் தெரியும். ஆனால் 3 மாத அட்வான்ஸை இழப்பதோடு ஒப்பிட்டால் அது சின்னத் தொகை. குடிபுகும் நாளில் சுவர், குழாய், கட்டில் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வைத்தால், காலி செய்யும்போது "இது நீ உடைச்சது" என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

சிக்கல் வந்தால் யாரிடம் போவது?

ஐக்கிய அரபு அமீரகத்தில் இருப்பவர்கள், இந்தியத் துணைத் தூதரகத்தின் உதவி மையமான பிரவாசி பாரதிய சகாயதா கேந்திராவை 800 46342 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைக்கலாம். இங்குள்ள குடும்பத்தினர் சேப்பாக்கத்தில் உள்ள அயலகத் தமிழர் நல ஆணையரகத்தை அணுகலாம். ஆனால் எங்கே போனாலும் முதலில் கேட்பது ஒப்பந்தத்தையும் ரசீதையும்தான்.

பெட் ஸ்பேஸ் என்பது ஆடம்பரம் இல்லை. ஊருக்கு அனுப்பும் பணத்தில் நாலு காசு கூட இருக்கட்டும் என்றுதான் ஒருவர் கட்டில் அளவு இடத்தில் படுக்கிறார். அந்தச் சேமிப்பு கடைசி வரை கையில் நிற்க வேண்டும் என்றால், விமானம் ஏறும் முன் விசா நகலோடு சேர்த்து அந்த 5 கேள்விகளுக்கான பதிலையும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.