துப்புரவு முடிந்தது, படுத்திருந்தவர் எங்கே?

இரவு பத்து மணிக்கு மேல் மஸ்ஜிட் ஜாமெக் நிலையத்தில் இறங்கி, கோத்தா ராயா பக்கம் நடந்து பாருங்கள். கடைகளின் இரும்புக் கதவுகள் இழுத்துப் பூட்டப்பட்ட பிறகு, அஞ்சடியில் அட்டைகள் விரியும். தலைக்கு ஒரு துணிப்பை, காலடியில் ஒரு ஜோடி சிலிப்பர். சற்று நேரத்தில் ஒரு வேன் வந்து நிற்கும். தன்னார்வலர்கள் இறங்கி உணவுப் பொட்டலமும் தண்ணீரும் கொடுப்பார்கள்.

இன்னொரு நாள் அதே இடத்துக்கு அதிகாரிகள் வருவார்கள். அட்டையும் குப்பையும் அள்ளப்படும், அஞ்சடி கழுவி விடப்படும். சிலர் வண்டியில் ஏற்றப்படுவார்கள், சிலர் அடுத்த சந்துக்குள் மறைவார்கள். சில நாள் கழித்துப் போனால் அதே அஞ்சடியில் மீண்டும் அட்டைகள்.

தன்னார்வலர்களுக்கும் மாநகர் நிர்வாகத்துக்கும் இடையே பல ஆண்டுகளாக ஓர் இழுபறி நடந்து வருகிறது. உணவு கொடுப்பதால்தான் கூட்டம் கூடுகிறது என்பது ஒரு தரப்பின் வாதம். விரட்டினால் பசி தீருமா என்பது மறு தரப்பின் கேள்வி. இந்த வாதத்தில், படுத்திருப்பவர் ஏன் அங்கே வந்தார் என்ற கேள்வி மட்டும் ஓரமாகப் போய்விடுகிறது.

2014ல் நடந்தது

இந்த இழுபறி உச்சத்தைத் தொட்டது 2014 ஜூலையில். நோன்பு மாதம் அது. அன்றைய கூட்டரசுப் பிரதேச அமைச்சர் தெங்கு அட்னான், மாநகரின் மையத்தில் இலவச உணவு வழங்கும் அமைப்புகளுக்குத் தடை விதிக்கப்படும் என்று அறிவித்தார். புக்கிட் பிந்தாங்கின் லோட் 10 கட்டடத்திலிருந்து 2 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் உணவு கொடுக்கக் கூடாது. பிச்சை எடுப்பவருக்கு மட்டுமல்ல, பிச்சை போடுபவருக்கும் அபராதம் என்றார். இலவச உணவு மக்களைச் சோம்பேறியாக்குகிறது, நகரின் தோற்றம் கெடுகிறது என்பது அவர் சொன்ன காரணம். அதே நாள்களில் மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சு ‘ஒப்ஸ் காசே’ என்ற பெயரில் சாலையோரத்தில் இருப்பவர்களைத் திரட்டி அழைத்துச் செல்லும் நடவடிக்கையை மேற்கொண்டது.

நோன்பு மாதத்தில் பசித்தவனுக்குச் சோறு போடக் கூடாதா என்று நாடு முழுவதும் எதிர்ப்பு கிளம்பியது. கெச்சாரா, பெர்த்திவி, டாப்பூர் ஜாலானான் போன்ற அமைப்புகளின் பெயர் அப்போதுதான் பலருக்கும் தெரிய வந்தது. பிறகு அமைச்சர் அமைப்புகளை அழைத்துப் பேசினார். கால அவகாசம் தரப்பட்டது. சோறு போடுவது நிற்கவில்லை.

அந்தச் சண்டையில் தன்னார்வலர்கள் வென்றார்கள் என்று சொல்லலாம். ஆனால் அதோடு பிரச்சினை தீர்ந்ததா? 2014ல் சுமார் 600 பேராக இருந்த கோலாலம்பூர் வீடற்றோர், 2016 தொடக்கத்தில் 1,500 முதல் 2,000 வரை உயர்ந்துவிட்டதாக மாநகர் மன்றத்தின் கணக்கே சொன்னது. தடையும் அவர்களைக் குறைக்கவில்லை, உணவும் குறைக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

அதிகாரிகள் கையில் இருப்பது 1977ஆம் ஆண்டின் ஆதரவற்றோர் சட்டம். பொது இடத்தில் தொந்தரவாகப் பிச்சை எடுப்பவர் மட்டுமல்ல, பிச்சையே எடுக்காவிட்டாலும், பிழைப்புக்கு வழியோ தங்க இடமோ இல்லாமல் பொது இடத்தில் சும்மா இருப்பவரும் இச்சட்டத்தின்படி ‘ஆதரவற்றவர்’தான். அவரை அழைத்துச் சென்று 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம். விசாரணை அறிக்கைக்காக ஒரு மாதம் வரை இல்லத்தில் வைக்கலாம். அதன் பிறகு 3 ஆண்டுகள் வரை நலன் இல்லத்தில் இருக்கும்படி உத்தரவிடலாம். போக மறுத்தாலோ, இல்லத்திலிருந்து தப்பினாலோ 3 மாதம் வரை சிறை.

குற்றம் எதுவும் செய்யாதவரை, இடம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அடைத்து வைக்க வழி செய்யும் சட்டம் இது. பராமரிப்பு என்ற பெயர் இருந்தாலும், வேன் வருவதைக் கண்டதும் ஆட்கள் ஏன் ஓடுகிறார்கள் என்பதற்கு இதில் விடை இருக்கிறது. ஓடுபவர்களில் பலருக்கு வேலையும் உண்டு. உணவகத்தில் மங்கு கழுவுகிறார், கட்டடத்துக்குக் காவல் இருக்கிறார், துப்புரவு வேலை பார்க்கிறார். நாள் கூலியில் சாப்பிட முடிகிறது. அறை வாடகையும் முன்பணமும் கட்ட முடிவதில்லை. அவரைப் பிடித்து இல்லத்தில் வைத்தால், கையில் இருந்த ஒரே வேலையும் போய்விடும்.

இங்கே மட்டும் இல்லை. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் கிராண்ட்ஸ் பாஸ் என்ற சிறு நகரம், பொது இடத்தில் கூடாரம் போட்டுத் தூங்குபவர்களுக்கு அபராதம் விதித்தது. அது செல்லும் என்று 2024 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே கலிஃபோர்னியா ஆளுநர், மாநில அரசு நிலங்களில் உள்ள கூடாரங்களை அகற்ற உத்தரவிட்டார். பணக்கார நாடும் கூடாரத்தை அகற்றும் வழியைத்தான் முதலில் எடுக்கிறது. வாடகை குறையாத வரை, கூடாரம் வேறு தெருவில் முளைக்கத்தான் செய்யும்.

நிர்வாகத்தின் பக்கமும் நியாயம் உண்டு

தன்னார்வலர்களைப் புகழ்ந்துவிட்டு நிர்வாகத்தைத் திட்டுவது எளிது. ஆனால் கடைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரே இரவில் மூன்று, நான்கு குழுக்கள் அதே இடத்துக்கு வருகின்றன. சனிக்கிழமை பொட்டலம் மிஞ்சிக் கிடக்கிறது, செவ்வாய்க்கிழமை யாரையும் காணோம். பாதி சாப்பிட்ட உணவு வடிகாலில் கிடக்க, காலையில் எலி ஓடுகிறது. குப்பையைக் கூட்டுவது கடைப் பையனும் மாநகர் மன்றத் தொழிலாளியும்தான். நன்மை செய்கிறோம் என்பதால் ஒழுங்கு வேண்டாம் என்று ஆகிவிடாது.

நிர்வாகம் ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. 2011ல் கோலாலம்பூரில் அஞ்சோங் சிங்கா என்ற தற்காலிகத் தங்குமிடம் திறக்கப்பட்டது. 2020ல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, மண்டபங்கள் தங்குமிடங்களாக மாற்றப்பட்டு, சாலையில் இருந்தவர்களுக்குப் படுக்கையும் உணவும் தரப்பட்டன. முடியாது என்று இத்தனை காலம் சொல்லப்பட்டது, தேவை வந்தபோது சில நாள்களில் முடிந்தது. இதை மறந்துவிடக் கூடாது.

சிங்கப்பூர் சொல்லும் பாடம்

அண்டை நாட்டைப் பாருங்கள். அங்கும் 1989ஆம் ஆண்டின் ஆதரவற்றோர் சட்டம் உண்டு. ஆனால் அங்கே முதலில் எண்ணத் தொடங்கினார்கள். 2019ல் ஓர் ஆய்வாளர் தலைமையில் தன்னார்வலர்கள் இரவில் தெருத்தெருவாக நடந்து எடுத்த கணக்கில், 921 முதல் 1,050 பேர் வரை வெளியில் தூங்குவது தெரிந்தது. அதே ஆண்டில் அரசு அமைப்புகளும் தொண்டு அமைப்புகளும் சேர்ந்த ஒரு கூட்டு வலையமைப்பு தொடங்கியது. தேவாலயங்களும் வேறு சில அமைப்புகளும் தங்கள் இடத்தை இரவில் படுக்கத் திறந்துவிட்டன.

2021 கணக்கில் மொத்தம் 1,036 பேர். எண்ணிக்கை குறையவில்லையே என்று தோன்றும். ஆனால் அதில் 420 பேர் தற்காலிகத் தங்குமிடத்தில் இருந்தார்கள். தெருவில் இருந்தவர்கள் 616 பேர். 2022ல் சமூக, குடும்ப மேம்பாட்டு அமைச்சு எடுத்த கணக்கில் தெருவில் தூங்கியவர்கள் 530 பேர். ஆளை விரட்டி அந்த எண்ணிக்கை இறங்கவில்லை. படுக்க இடம் கொடுத்ததால் இறங்கியது. எண்ணியவர்களும் இடம் கொடுத்தவர்களும் ஒருவரையொருவர் எதிரியாக நினைக்கவில்லை.

நமக்கு இதில் என்ன?

இது யாருடைய பிரச்சினையோ என்று நாம் கடந்து போக முடியாது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும், நம்மவர்களின் வீடு வேலையோடு ஒட்டியிருந்தது. பால்மரம் சீவும் வரை லயத்து வீடு. வேலை நின்றால், தோட்டம் கைமாறினால், வீட்டையும் காலி செய்ய வேண்டும். அப்படி வெளியேறிய குடும்பங்கள் பட்டணத்தில் புறம்போக்குக் குடியிருப்புகளில் குடிசை போட்டன. பிறகு அதுவும் உடைபட்டு, அடுக்குமாடி வீடுகளுக்குப் போயின. இந்த ஒவ்வொரு நகர்விலும் சிலர் வழியில் விடுபட்டார்கள். பத்திரம் தொலைத்தவர், பிறப்பு பதியாதவர், சிவப்பு அடையாளக் கார்டோடு நின்றுவிட்டவர், மனைவி இறந்த பின் பிள்ளைகள் வீட்டில் ஒட்ட முடியாதவர். அஞ்சடியில் தமிழ்க் குரல் கேட்டால் வியக்க ஒன்றுமில்லை.

அடையாளக் கார்டு இல்லாமல் முறையான வேலை இல்லை. முகவரி இல்லாமல் கார்டை மாற்றுவது சிரமம். வேலை இல்லாமல் அறை இல்லை. இந்த வட்டத்தை ஒரு பொட்டலம் சோறு உடைக்காது; தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் லாரியும் உடைக்காது.

நம்மால் முடிந்தவை சில உண்டு. கோயில்களும் இயக்கங்களும் அன்னதானத்துக்குச் செலவிடுவதில் ஒரு பகுதியை, தொலைந்த அடையாளக் கார்டுக்கு மனுப்போட உதவவும், முதல் மாத அறை வாடகைக்கும் ஒதுக்கலாம். உணவு கொடுக்கும் குழுக்கள் நாள் பிரித்துக்கொண்டு, குப்பையைத் தாங்களே அள்ளிப் போகலாம். கொடுக்கும்போது பெயரைக் கேளுங்கள், சொந்த ஊரைக் கேளுங்கள்; தேடிக்கொண்டிருக்கும் குடும்பம் எங்காவது இருக்கலாம். முதியவரோ நோயாளியோ சாலையில் கிடப்பதைக் கண்டால், 15999 என்ற தாலியான் காசே எண்ணுக்கு அழைக்கலாம்.

அரசிடம் கேட்க வேண்டியதும் தெளிவு. 1977ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்துங்கள். இடமில்லாதவரைப் பிடிக்கும் அதிகாரத்துக்குப் பதிலாக, இடம் கொடுக்கும் கடமையை அதில் எழுதுங்கள். அடுத்த முறை அஞ்சடியைக் கழுவும்போது, எத்தனை மூட்டை குப்பை அள்ளினோம் என்பதோடு, எத்தனை பேருக்கு அறைச் சாவி கொடுத்தோம் என்பதையும் சேர்த்து அறிவியுங்கள். அந்தக் கணக்கு வரும் நாளில்தான் நகரம் சுத்தமானது என்று நாம் நம்பலாம்.