மூக்குத் தண்டு ஆபரேஷன்: அன்னைக்கே வீடு திரும்பலாமா? ஒரு ராத்திரி தங்குவதுதான் பாதுகாப்பா?

ஒரு பக்க மூக்கு எப்போதும் அடைப்பு. வாயைத் திறந்தபடியே தூக்கம். மாதக்கணக்கில் ஸ்ப்ரே அடித்தும் பலன் இல்லை. கடைசியில் டாக்டர், "தண்டு வளைஞ்சிருக்கு, ஆபரேஷன் பண்ணிடலாம்" என்கிறார். அடுத்து வருகிற கேள்விதான் குடும்பத்தையே குழப்புகிறது. காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாமா, இல்லை அட்மிட் ஆகணுமா?

என்ன ஆபரேஷன் இது?

மூக்கின் இரண்டு துளைகளுக்கு நடுவே இருக்கும் சுவர்தான் மூக்குத் தண்டு. முன்பகுதி குருத்தெலும்பு, பின்பகுதி எலும்பு. வளைந்த பகுதியை நேராக்குவதுதான் 'செப்டோபிளாஸ்டி'. மூக்குக்கு உள்ளேயே செய்வதால் வெளியே தழும்பு தெரியாது.

பலன் உண்டா? பிரிட்டனில் 378 பேரிடம் நடந்த 'நெய்ரோஸ்' ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. 6 மாதம் கழித்துப் பார்த்தபோது, ஸ்ப்ரே மட்டும் பயன்படுத்தியவர்களை விட ஆபரேஷன் செய்தவர்களுக்குத் தொந்தரவு நன்றாகவே குறைந்திருந்தது.

எது பாதுகாப்பு?

அமெரிக்கா, பிரிட்டனில் இது பெரும்பாலும் டே கேர் ஆபரேஷன்தான். ஜெர்மனியிலோ ஆஸ்பத்திரியில் தங்க வைப்பதே நீண்டகால வழக்கம். ஆபரேஷன் ஒன்றுதான், நடைமுறைதான் வேறு.

ஆய்வுகளைப் பார்த்தால், டே கேரில் செய்தவர்களுக்கு ரத்தக்கசிவோ தொற்றோ பெரிதாகக் கூடவில்லை. ஆனா, இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். டே கேருக்கு டாக்டர்கள் தேர்வு செய்வதே பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களைத்தான். இதய நோய், கட்டுப்படாத சர்க்கரை உள்ளவர்கள் அட்மிட் ஆகிறார்கள். அதனால் "டே கேர்தான் எல்லாருக்கும் நல்லது" என்று சொல்லிவிட முடியாது. சரியான ஆளுக்கு டே கேர் பாதுகாப்பானது என்பதே உண்மை.

ஒரு ராத்திரி தங்கினால் என்ன கிடைக்கும்?

முதல் சில மணி நேரத்தில் வரும் ரத்தக்கசிவு, வாந்தி, வலி ஆகியவற்றை அங்கேயே சமாளிக்கலாம். ஆனால் எல்லா சிக்கலும் முதல் ராத்திரியிலேயே வருவதில்லை. சிலருக்கு ஒரு வாரம் கழித்துக்கூட ரத்தம் கசியும்.

முக்கியமானது, தண்டுக்குள் ரத்தம் கட்டுவது. குருத்தெலும்புக்குத் தனி ரத்தக்குழாய் கிடையாது. மேலே ஒட்டியிருக்கும் சவ்விலிருந்துதான் அதற்கு ஊட்டம். நடுவில் ரத்தம் கட்டினால் சில நாளிலேயே குருத்தெலும்பு அழுகி, மூக்கின் மேடு அமுங்கிவிடலாம். இது வீட்டுக்கு வந்த பிறகும் தெரியவரலாம். அதனால் எங்கே தூங்கினோம் என்பதைவிட, சொன்ன தேதியில் மறுபரிசோதனைக்குப் போவதுதான் முக்கியம்.

யார் தங்கணும்?

* குறட்டையோடு தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் பிரச்னை உள்ளவர்கள். மூக்கில் பஞ்சு வைத்து அடைத்தால் ராத்திரி சிரமம் கூடும்
* ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள்
* இதயம், நுரையீரல் பிரச்னை உள்ளவர்கள்
* ஆஸ்பத்திரியிலிருந்து வெகுதூரத்தில் இருப்பவர்கள், வீட்டில் துணைக்கு ஆள் இல்லாதவர்கள்

இப்போதெல்லாம் பஞ்சு அடைக்காமல் உள்ளேயே தையல் போடும் முறையும் இருக்கிறது. இதில் வலி குறைவு என்பதால் வீடு திரும்புவதும் சுலபம்.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

"24 மணி நேரம் படுத்தால்தான் க்ளெய்ம்" என்ற பயத்திலேயே பலர் தங்குகிறார்கள். மயக்க மருந்து கொடுத்து, 24 மணி நேரத்துக்குள் முடியும் ஆபரேஷன்களுக்கு 'டே கேர்' என்ற தனிப் பிரிவு இருக்கிறது. ஆனா, புறநோயாளி சிகிச்சை என்று பில் போட்டால் அந்தப் பிரிவில் வராது. பல பாலிசிகளில் காது, மூக்கு, தொண்டை பிரச்னைகளுக்கு 2 ஆண்டு காத்திருப்புக் காலமும் உண்டு. ஆபரேஷனுக்கு முன்பே கேட்டுவிடுங்க.

உடனே ஓட வேண்டியது எப்போது?

நிற்காத ரத்தம், திடீரென இரண்டு பக்கமும் அடைப்பு, கூடிக்கொண்டே போகும் வலி, காய்ச்சல். இதில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம். டிஸ்சார்ஜ் ஆகும்போதே, ராத்திரி 2 மணிக்கு அழைத்தாலும் எடுக்கும் நம்பரைக் கேட்டு வாங்கிக்கோங்க. அந்த நம்பர் கிடைக்கவில்லை என்றால், அன்றைக்கே வீடு திரும்பும் முடிவை யோசிப்பது நல்லது.