தனியாவும் இல்லை... இருட்டாவும் இல்லை!

ஒரு பழைய மாளிகை. அதோட உச்சியில் ஒரு பரண் அறை. நீங்க மட்டும் தனியா நிக்கிறீங்க. ஜன்னலுக்கு வெளியே ஏதோ ஒண்ணு வந்துக்கிட்டிருக்கு. கையில் ஆயுதம் இல்லை. என்ன செய்வீங்க?

'சண்டை போடுவேன் பாஸ்'னு மார்தட்டுற பார்ட்டியா? ஆரம்பத்திலேயே பாதி உயிர் காலி! புத்திசாலி என்ன செய்வார் தெரியுமா? அங்கே இருக்கிற அலமாரியைத் தள்ளி ஜன்னலை அடைப்பார். தரையில் இருக்கிற கதவு மேல் பெட்டியை நகர்த்தி வைப்பார். அப்புறம்தான் மூச்சே விடுவார்.

இதுதான் 'அலோன் இன் தி டார்க்' வீடியோ கேமின் ஆரம்பம். 1992-ல் பிரான்ஸின் இன்ஃபோகிராம்ஸ் நிறுவனம் வெளியிட்டது. மூளை, ஃப்ரெடெரிக் ரேனால். கதை நடப்பது 1920-களில், அமெரிக்காவின் லூசியானாவில், டெர்சீட்டோ என்ற மாளிகையில். கிராஃபிக்ஸைப் பார்த்தா இப்போ சிரிப்பு வரும். அட்டையை வெட்டி ஒட்டின மாதிரி மனுஷங்க! ஆனா பயம் மட்டும் அசல். அவசரப்பட்டு வாசல் கதவைத் திறந்தா, வெளியே காத்திருக்கிற ஜந்து உங்களை விழுங்கிடும். அங்கே இருக்கிற ஒரு புத்தகத்தைக் கண்ட இடத்தில் திறந்து படிச்சா செத்தே போயிடுவீங்க. (செமஸ்டர் புத்தகம்னா பரவாயில்லை, மயக்கம்தான் வரும்!) 1996-ல் வந்து உலகத்தையே அலறவிட்ட 'ரெஸிடென்ட் ஈவில்' நடந்ததும் இந்த கேம் போட்ட பாதையில்தான்.

இப்படி ஒரு சரக்கு கையில் கிடைச்சா, படம் எப்படி வந்திருக்கணும்? 2005 ஜனவரியில் வந்தது. இயக்கம், ஜெர்மனிக்காரர் ஊவே போல். ஹீரோ கிறிஸ்டியன் ஸ்லேட்டர், ஹீரோயின் டாரா ரீட்.

படம் ஆரம்பிச்சதும் திரையில் எழுத்துகள் ஓடுது. ஓடுது... ஓடிக்கிட்டே இருக்கு! ஒரு நிமிஷத்துக்கும் மேல. 10,000 வருஷத்துக்கு முந்தைய அப்கானி என்ற இனம், இருட்டு உலகத்தின் வாசல், ரகசிய அரசுப் பிரிவு, அநாதைக் குழந்தைகள் மேல நடந்த பரிசோதனைன்னு மொத்தத்தையும் ஒப்பிச்சிடுறாங்க. போதாததுக்கு ஒரு குரல் வேற அதைப் படிச்சுக் காட்டுது. கேள்வித்தாளை முதல் நாளே லீக் பண்ணிட்டு, மறுநாள் பரபரப்பா எக்ஸாம் எழுதுங்கன்னா எப்படி?

தலைப்பில் இருக்கிறதே ரெண்டே விஷயம்... தனிமை, இருட்டு. படத்தில் ஹீரோவைச் சுத்தி கும்பல் கும்பலா சிப்பாய்கள். இருட்டு வர்ற இடத்திலும் துப்பாக்கி வெடிச்சு தீபாவளி கொண்டாடுது. டெர்சீட்டோ மாளிகை? அதைக் காணோம்! கேமில் ஒவ்வொரு தோட்டாவையும் எண்ணி எண்ணிச் சுடணும். இங்கே எண்ணவே முடியாத அளவுக்குச் சுட்டுத் தள்ளுறாங்க. பேய் பாவம்!

ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் இந்தப் படத்துக்குக் கிடைச்ச மார்க் 1 சதவீதம். செலவு சுமார் 2 கோடி டாலர், வசூல் சுமார் 1.3 கோடி டாலர். இவ்வளவு அடி வாங்கியும் போல் எப்படி அடுத்தடுத்து படம் எடுத்தார்னு கேக்குறீங்களா? அந்தக் காலத்து ஜெர்மனி வரிச்சட்டத்தில், சினிமாவில் போட்ட பணத்தை முதலீட்டாளர்கள் வருமானத்திலிருந்து கழிச்சுக்கலாம். படம் ஊத்தினாலும் அடி அவ்வளவா வலிக்காது. 2005 கடைசியில்தான் அந்த வழியை அடைச்சாங்க. 2006-ல் தன் படங்களைக் கிழிச்ச விமர்சகர்களையே குத்துச்சண்டை மேடைக்குக் கூப்பிட்டு நிஜமாவே குத்தினார் மனுஷர்!

'கேமில் கீபோர்டு நம்ம கையில் இருக்கு, தியேட்டரில் பாப்கார்ன்தானே இருக்கு? அப்போ கேமைப் படமா எடுக்கவே முடியாதா?'ன்னு ஒரு டவுட் வரும். முடியும். 'சைலன்ட் ஹில்' கேமில் ஊரையே மூடியிருந்த பனிமூட்டம் ஞாபகம் இருக்கா? 1999-ல் பிளேஸ்டேஷனால் தூரத்துக் காட்சிகளை வரைய முடியலை. அந்தக் குறையை மறைக்கப் பனிமூட்டம் உதவுச்சு. எதிரே என்ன வருதுன்னு தெரியாததே பயமாச்சு. 2006-ல் அதைப் படமாக்கின கிறிஸ்டோஃப் கான்ஸ், பனியை விடலை, வானத்திலிருந்து சாம்பலையும் கொட்டினார். கதையில் ஓட்டை உண்டு. ஆனா அந்த ஊருக்குள் நடக்கும்போது முதுகு சில்லுனு ஆகும்.

2024-ல் 'அலோன் இன் தி டார்க்' கேமைப் புதுசா செய்தவங்களும் திரும்பிப் போனது அதே டெர்சீட்டோவுக்குத்தான். அப்கானி கோஷ்டி அந்தப் பக்கமே வரலை.

அதனால மக்களே... கல்ச்சுரல்ஸுக்கு ஹாரர் குறும்படம் எடுக்கப்போறீங்களா? கிராஃபிக்ஸுக்குக் காசு இல்லையேன்னு கவலை வேண்டாம். ஹாஸ்டலில் ஒரு காலி அறை, ஒரு ஜன்னல், ஒரு அலமாரி போதும். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு மட்டும் கடைசி வரைக்கும் வாயைத் திறக்காதீங்க!