மௌனத்திற்கு இடமளிக்கும் இசை

கணினி விளையாட்டு என்றதும் துப்பாக்கி முழக்கமும் காதைத் துளைக்கும் இரைச்சலுமே நம் நினைவுக்கு வருகின்றன. பிள்ளைகளின் அறையைக் கடக்கும்போதெல்லாம் "சத்தத்தைக் குறை" என்று சொல்லியே பழகிவிட்டோம். ஆனால், மைன்கிராஃப்ட் விளையாடும் பிள்ளையின் அருகே அரைமணி நேரம் அமர்ந்து பார்த்தால் நம் எண்ணம் மாறக்கூடும்.

அவ்விளையாட்டின் தொடக்ககால இசையை அமைத்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த டேனியல் ரோசன்ஃபெல்ட். சி418 என்பது அவரது புனைபெயர். 2011இல் அவ்விசையை 'வால்யூம் ஆல்ஃபா' என்னும் தொகுப்பாக வெளியிட்டபோது அவருக்கு வயது 21.

பெரும்பாலான விளையாட்டுகளில் எதிரி வந்தால் இசை விரையும், வென்றால் முழங்கும். எப்போது அஞ்ச வேண்டும், எப்போது மகிழ வேண்டும் என்று அது ஆடுபவருக்கு ஆணையிடும். ரோசன்ஃபெல்டின் இசை ஆணையிடுவதில்லை. பல நிமிடங்களுக்குக் காலடி ஓசையும், கல் உடைபடும் ஒலியும், ஆட்டின் குரலுமே கேட்கும். பிறகு, எதிர்பாராத நேரத்தில் சில பியானோ ஒலிகள் மெல்ல எழும். 'ஸ்வீடன்' என்னும் இசைத்துணுக்கும் இவ்வாறுதான் ஒருசில ஒலிகளில் தொடங்கி, மெல்ல விரிந்து, ஓய்ந்துவிடும். மீண்டும் மௌனம்.

அந்த மௌனமே அவரது பாணியின் சிறப்பு என்பது நம் கருத்து. கட்டை மேல் கட்டை அடுக்கி வீடு கட்டும் பிள்ளையின் சிந்தனைக்கு அது குறுக்கே நிற்பதில்லை. ஆரவாரமற்ற இவ்விசைத் தொகுப்பை 2025இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தனது தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது.

இசை குறித்து நம்மிடையே கருத்து வேறுபாடுகள் உள்ளதை அறிவோம். வேண்டாம் என்போர் விளையாட்டின் அமைப்புகளில் இசையை மட்டும் நிறுத்திவிடலாம்; காலடி ஓசையும் ஆட்டின் குரலும் தொடரும். எனினும், அவ்விசையில் உள்ள அடக்கம் அனைவரும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

நம் இல்லங்களில் தொலைக்காட்சி ஓய்வதில்லை; கைப்பேசியும் ஓய்வதில்லை. அவை ஓய்ந்தாலும் நம் அறிவுரைகள் ஓய்வதில்லை. பிள்ளை தானாக யோசிக்க நாம் விட்டுவைக்கும் நேரம் எவ்வளவு? அடுத்த முறை "சத்தத்தைக் குறை" என்று சொல்லும் முன், சற்று அருகில் அமர்வோம். "என்ன கட்டுகிறாய்?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாதிருப்போம்.