குதிரை வால் கொழுப்பிலிருந்து ஸ்டெம் செல் ஊசி... நம்பலாமா?

பந்தயக் குதிரையின் கரியரை முடித்துவைப்பது பல நேரங்களில் அதன் முன்னங்காலில் இருக்கும் ஒரு தசைநாண்தான். முட்டிக்குக் கீழே, காலின் பின்பக்கமாக ஓடும் அது, குதிரை பாயும்போதெல்லாம் ஸ்பிரிங் மாதிரி இழுபட்டுச் சுருங்கும். அதன் இழைகள் அறுந்தால் மாதக்கணக்கில் ஓய்வு. ஆறினாலும் அந்த இடத்தில் உருவாவது தழும்புத் திசு. பழைய ஸ்பிரிங் தன்மை அதில் இருக்காது. மறுபடி ஓடவிட்டால் மறுபடி அறுந்துபோற ஆபத்து அதிகம்.

இங்கேதான் கொழுப்பு வருகிறது. மனிதர்களிடம் உறிஞ்சி எடுக்கப்படும் கொழுப்பில் ஸ்டெம் செல் போன்ற செல்கள் இருப்பதாக 2001-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அடுத்த இரண்டே வருஷத்தில், கலிஃபோர்னியாவின் வெட்-ஸ்டெம் நிறுவனம் குதிரைகளுக்கு இதைக் கொண்டுவந்துவிட்டது.

செய்முறை சிம்பிள். குதிரையின் வால் அடிப்பகுதி அருகே சின்னதாகக் கீறி, கொஞ்சம் கொழுப்பை எடுத்து லேபுக்கு கூரியர் செய்வார்கள். அங்கே நொதி சேர்த்துக் கரைத்து, சுழற்றிச் செல்களைப் பிரிப்பார்கள். சுமார் 48 மணி நேரத்தில் ஊசி ரெடி. எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்து வளர்க்கணும்னா வாரக்கணக்கில் ஆகும். ஆனால் ஒரு விஷயம்... அந்தக் கொழுப்பு ஊசியில் இருப்பது பலவகைச் செல்களின் கலவை. ஸ்டெம் செல் அதில் ஒரு பங்குதான்.

சரி, வேலை செய்யுதா?

2008-ல் வெளியான ஓர் ஆய்வில், 8 குதிரைகளின் தசைநாணில் செயற்கையாகக் காயம் உண்டாக்கி, பாதிக்கு இந்த ஊசியைப் போட்டார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது ஊசி போட்டவற்றின் இழைகள் ஒழுங்காக இருந்தன, வீக்கமும் குறைவு. ஸ்கேனில் பார்த்தால் இரண்டு தரப்புக்கும் வித்தியாசமில்லை. 2009-ல் கொலராடோ ஸ்டேட் பல்கலைக்கழகம் குதிரைகளின் மூட்டுத் தேய்மானத்துக்கு இதைச் சோதித்தபோது, சொல்லிக்கொள்ளும்படி பலன் கிடைக்கவில்லை.

'எங்க குதிரை ஊசி போட்டதும் நல்லாயிடுச்சே'ன்னு உரிமையாளர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் ஊசியோடு சேர்த்துப் பல மாத ஓய்வும், படிப்படியான நடைப்பயிற்சியும் கொடுக்கிறார்கள். குணமானதுக்கு எது காரணம்? ஓய்வு மட்டும் எடுத்த குதிரையோடு ஒப்பிட்டால்தானே தெரியும்!

இந்தச் செல்கள் புதுத் தசைநாணாக மாறும் என்பதுதான் ஆரம்பகால நம்பிக்கை. இப்போது பல விஞ்ஞானிகள் சொல்வது வேறு. செல்கள் அங்கேயே தங்கி வளர்வதைவிட, வீக்கத்தைத் தணிக்கும் ரசாயன சிக்னல்களை அனுப்புவதே அவற்றின் முக்கிய வேலை. 1991-ல் 'மெசன்கைமல் ஸ்டெம் செல்' எனப் பெயர் வைத்த ஆர்னால்ட் கேப்லனே, 2017-ல் அந்தப் பெயரை மாத்துங்கன்னு எழுதினார்.

ஐரோப்பாவில் 2019-ல் முதல் ஸ்டெம் செல் கால்நடை மருந்துக்கு அனுமதி கிடைத்தது. அதுவும் குதிரைக்குத்தான். ஆனால் அது கொழுப்பிலிருந்து வரவில்லை, குதிரையின் ரத்தத்திலிருந்து தயாரானது.

குதிரை வைத்தியம் நமக்கெதுக்குன்னு தோணுதா? அதே 'உங்க கொழுப்பு, உங்க செல்' விளம்பரம் மனிதர்களையும் துரத்துகிறது. ஃபுளோரிடாவில் வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களைக் கண்ணில் செலுத்திக்கொண்ட 3 பெண்கள் பார்வையைப் பெருமளவு இழந்தது 2017-ல் மருத்துவ இதழில் வெளியானது. நம் ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதலும், சில ரத்த நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையைத் தவிர மற்றவற்றை முறையான ஆய்வாக மட்டுமே செய்யலாம் என்கிறது.

அதனால், முட்டிவலிக்கோ முடி உதிர்வுக்கோ யாராவது உங்களுக்கு ஸ்டெம் செல் பேக்கேஜ் நீட்டினால், இரண்டு கேள்வி கேளுங்க. இந்த ஊசி போடாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தீங்களா? இது பதிவு செய்யப்பட்ட ஆய்வுன்னா, என்கிட்ட ஏன் காசு கேக்குறீங்க?