கைதட்டி முடித்த ஏலம்



2034 உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி சவுதி அரேபியாவில்தான் என்று 2024 டிசம்பர் 11 அன்று ஃபிபா முடிவு செய்தது. இணையவழிக் கூட்டம். 211 நாட்டுச் சங்கங்கள் உறுப்பினர்கள். ஓட்டுச்சீட்டு கிடையாது. திரையில் தெரிந்த முகங்கள் கைதட்டின, தீர்மானம் நிறைவேறியது. 2030 போட்டிக்கும் சேர்த்து அதே தட்டல்தான். இந்த முறையே தப்பு, எங்கள் ஆட்சேபத்தைக் குறிப்பேட்டில் பதியுங்கள் என்று நார்வே சங்கம் கடிதம் கொடுத்தது. தட்டுகிற சத்தத்தில் அது யாருக்குக் கேட்கும்? ஊர்க்கூட்டத்தில் ‘எல்லாரும் ஒத்துக்கிட்டாச்சு’ என்று முடிக்கிறபோது, அந்த எல்லாரும் யார் என்று கேட்டு அடி வாங்கியவர்கள் நாம். நமக்கு இந்தச் சத்தம் பழகினதுதான்.

வேறு யாருமே போட்டிக்கு வரவில்லையே என்பார்கள். வராதபடி செய்தார்கள். 2026 போட்டி வட அமெரிக்காவுக்குப் போயாச்சு. 2030 போட்டியை ஸ்பெயின், போர்ச்சுகல், மொராக்கோவுக்குக் கொடுத்து, அதில் முதல் மூன்று ஆட்டங்களை மட்டும் உருகுவே, அர்ஜென்டினா, பராகுவேக்குப் பிய்த்துக் கொடுத்தார்கள். ஒரே போட்டியில் மூன்று கண்டங்கள் தீர்ந்தன. சுழற்சி விதிப்படி 2034க்கு மிஞ்சியது ஆசியாவும் ஓசியானியாவும்தான். 2023 அக்டோபர் முதல் வாரத்தில் இதை அறிவித்துவிட்டு, மாதக் கடைசிக்குள் விருப்பம் தெரிவிக்கச் சொன்னார்கள். ஆஸ்திரேலியா கடைசி நாளில் ஒதுங்கிக்கொண்டது. டெண்டர் சங்கதி தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒருத்தர் மட்டுமே நுழைகிற மாதிரி நிபந்தனை எழுதிவிட்டால் லஞ்சத்துக்கே வேலையில்லை.

முன்பு வேலை இருந்தது. 2010 டிசம்பர் 2 அன்று சூரிச்சில் 2018 போட்டி ரஷ்யாவுக்கும் 2022 போட்டி கத்தாருக்கும் போனது. செயற்குழுவில் 24 பேர். ஓட்டை விற்கப் பேரம் பேசியதாகப் பத்திரிகையாளர்களிடம் சிக்கிய இரண்டு பேரைத் தள்ளிவைத்துவிட்டு மீதி 22 பேர் ஓட்டுப் போட்டார்கள். கடைசிச் சுற்றில் கத்தாருக்கு 14, அமெரிக்காவுக்கு 8. அந்த 22 பேரில் பாதிக்கு மேற்பட்டோர் பிற்பாடு தடை, விசாரணை, குற்றப்பத்திரிகை என்று ஏதாவது ஒன்றில் மாட்டினார்கள். 2015 மே 27 விடியற்காலையில் சூரிச் ஓட்டல் ஒன்றில் ஃபிபா பெரிய மனிதர்கள் கைதானதை உலகமே பார்த்தது.

இதிலெல்லாம் நம்மை அதிகம் குத்துவது தென்னாப்பிரிக்கக் கதை. நிறவெறிக்காக 1976இல் ஃபிபாவிலிருந்து வெளியேற்றப்பட்ட நாடு அது. விடுதலைக்குப் பிறகு போட்டியை நடத்தக் கேட்டது. 2004 ஏப்ரலில், 27 வருஷம் சிறையில் கிடந்த மண்டேலா, 85 வயதில், டிரினிடாட் வரை பறக்க வேண்டியிருந்தது. அங்கேதான் ஓட்டு வைத்திருந்த ஜாக் வார்னர் இருந்தார். மே மாதம் 14-10 என்று வாய்ப்பு கிடைத்தது. 2008இல் ஃபிபா கணக்கிலிருந்து வார்னர் கைப்பிடியில் இருந்த கணக்குகளுக்கு 3 தவணையில் 1 கோடி டாலர் போனது. பற்று எழுதிய தலைப்பு என்ன தெரியுமா? ஆப்பிரிக்க வம்சாவளியினரின் கால்பந்து வளர்ச்சி! லஞ்சமில்லை என்கிறது தென்னாப்பிரிக்கா. வார்னரும் மறுக்கிறார். ஆனால் உடனிருந்த சக் பிளேசர், 2010 போட்டிக்கான தேர்வில் தானும் மற்றவர்களும் லஞ்சம் வாங்கச் சம்மதித்ததாக 2013இல் அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் வாரிசுகள் பேரில் ஒரு கணக்குத் தலைப்பு. ஆதிதிராவிடர் நலன் என்று தலைப்புப் போட்டு வேறெதற்கோ செலவழிப்பதைப் பார்த்த நமக்கு இந்த வித்தை புரியாதா?

இதை அரபுக்காரன் காசு, ஆப்பிரிக்காக்காரன் ஊழல் என்று சுருக்குகிறவர்களோடு நாம் சேர முடியாது. 2006 போட்டியை 12-11 என்று தட்டிப் பறித்த ஜெர்மனியின் சங்கம், 67 லட்சம் யூரோ எதற்காகக் கைமாறியது என்பதற்கு எத்தனையோ விசாரணைக்குப் பிறகும் நேரான பதில் தரவில்லை. இங்கிலாந்து கூச்சல் போட்டது 2018 போட்டிக்கு வெறும் 2 ஓட்டு வாங்கித் தோற்ற பிறகு. தோற்றவன் ஆத்திரம் வேறு, நம் ஆத்திரம் வேறு. ஓட்டை யார் வாங்கினார்கள் என்பதோடு அவர்கள் கேள்வி முடிகிறது. விற்கப்பட்டது யாருடைய உழைப்பு, யாருடைய உயிர் என்பது நம் கேள்வி.

கத்தாருக்கு வாய்ப்புக் கொடுத்தபோது அங்கே கஃபாலா முறை முழு பலத்தோடு இருந்தது. முதலாளி அனுமதியில்லாமல் வேலை மாற முடியாது, நாட்டை விட்டுக் கிளம்பவும் முடியாது. ஓட்டுப் போட்ட 22 பேருக்கும் இது ஒரு பொருட்டாகப் படவில்லை. அதற்குப் பிந்தைய பத்தாண்டில் இந்தியா, நேபாளம், வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கையிலிருந்து போனவர்களில் 6,500க்கும் மேற்பட்டோர் அங்கே இறந்ததாக 2021இல் ‘கார்டியன்’ கணக்குச் சொன்னது. இந்தியர் மட்டும் 2,711. எல்லோரும் மைதான வேலையில் செத்தவர்களல்ல, எல்லாக் காரணங்களும் அதில் அடக்கம். மைதானங்களில் வேலை தொடர்பான சாவு மூன்றுதான் என்றது கத்தார். போட்டி தொடர்பான பணிகள் எல்லாவற்றையும் சேர்த்தால் 400லிருந்து 500 வரை இருக்கும் என்று 2022 நவம்பரில் ஏற்பாட்டுக் குழுவின் பொதுச்செயலாளரே சொன்னார். பெரும்பாலான சாவுக்கு ‘இயற்கை மரணம்’ என்று சீட்டு. பிரேதப் பரிசோதனை அபூர்வம். அந்தப் பட்டியலில் நாடு இருக்கிறது, சாதி இல்லை. ஆனால் கம்பி கட்டவும் கலவை சுமக்கவும், வட்டிக்கு வாங்கி ஏஜெண்டுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறவன் எந்தத் தெருவிலிருந்து போகிறான் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அந்த நான்காண்டில் ஃபிபாவின் வருமானம் 750 கோடி டாலர். போட்டியின் பரிசுத்தொகைக்கு ஈடாக 44 கோடி டாலரைத் தொழிலாளர் நிவாரணத்துக்கு ஒதுக்குங்கள் என்று மனித உரிமை அமைப்புகள் கேட்டன. ஒதுக்கவில்லை. 2024 கடைசியில் அறிவித்த 5 கோடி டாலர் நிதியிலும் செத்தவன் குடும்பத்துக்கு இழப்பீடு இல்லை. போட்டி தொடங்குவதற்கு முந்தின நாள் ஃபிபா தலைவர் இன்ஃபான்டினோ, இன்று நான் புலம்பெயர் தொழிலாளியாக உணர்கிறேன் என்று பேசினார். உணர்ந்துவிட்டுப் போகட்டும். கூலி பாக்கியை யார் கொடுப்பது?

2015 அசிங்கத்துக்குப் பிறகு சீர்திருத்தம் வந்தது. தேர்வு செய்கிற அதிகாரம் செயற்குழுவிடமிருந்து எல்லாச் சங்கங்களின் மாநாட்டுக்குப் போனது. 2018இல் மாஸ்கோவில் 134-65 என்று ஓட்டெடுப்பு நடந்தது, எந்த நாடு யாருக்குப் போட்டது என்று வெளியிட்டார்கள். அடுத்த ஆறே வருஷத்தில் ஓட்டே காணோம். மேலேயிருந்து கொடுத்த சீர்திருத்தத்தை மேலேயிருந்தே எடுத்துக்கொள்ள முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

சோற்றுக்கே வழியில்லாதபோது பந்து விளையாட்டு எதற்கு என்று சில தோழர்கள் கேட்கலாம். பொறம்போக்கில் வெறுங்காலோடு பந்து உதைக்கிற நம் பிள்ளைகளின் ஆட்டம் இது. அவர்களே பிற்பாடு சாரத்தில் ஏறப்போகிறவர்கள். சவுதியின் திட்டத்தில் 15 மைதானங்கள், பெரும்பாலானவை இனிமேல்தான் எழும்ப வேண்டும். அங்கே தொழிற்சங்கத்துக்குத் தடை. இருந்தும் மனித உரிமை ஆபத்து ‘நடுத்தரம்’ என்று ஃபிபா எழுதிக்கொண்டது. சர்வதேசக் கட்டடத் தொழிலாளர் சம்மேளனம் 2024இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பிடம் சவுதி மீது புகார் கொடுத்திருக்கிறது. நாம் அதோடு நிற்க வேண்டும்.

கூலி பாக்கிக்கும் சாவுக்கும் ஃபிபாவே பொறுப்பேற்க வேண்டும். ஒவ்வொரு சாவுக்கும் பிரேதப் பரிசோதனை வேண்டும். நம் பங்குக்கு ஒரு வேலை உடனே இருக்கிறது. ஏஜெண்ட் வாங்கும் கட்டணத்துக்கு விதிகளில் உச்சவரம்பு உண்டு என்பதைத் தெருத்தெருவாகச் சொல்லுவோம். போகிற ஒவ்வொருவரின் ஏஜெண்ட் பெயர், கொடுத்த தொகை, ஒப்பந்த நகல் நம் நோட்டில் இருக்கட்டும். பெட்டி வந்து இறங்கின பிறகு துண்டறிக்கை போடுகிற பழக்கம் போதும். விமானம் ஏறுவதற்கு முன்னால் போய் நிற்போம்.